அந்த இரண்டு கேள்விகளைப் படிவத்தில் மறுபடி வையுங்கள்: அமெரிக்கத் தென்மாநிலத் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

டென்னசி, ஜார்ஜியா, லூசியானா, டெக்சாஸ் என்று தென்மாநிலங்களில் பணியாற்றும் உங்களில் பலர் சொந்தக் கிளினிக் நடத்துகிறீர்கள். சிலர் பெரிய மருத்துவக் குழுக்களின் நிர்வாகத்தில் இருக்கிறீர்கள். அதே ஊர்களில் எச்ஐவி தடுப்பிலும் சிகிச்சையிலும் வேலை செய்யும் தமிழ்ச் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் லேப் ஊழியர்களும் சேர்ந்து, திருநர் நோயாளிகளுக்காக, குறிப்பாகக் கறுப்பினத் திருநங்கைகளுக்காக, இதை எழுதுகிறோம்.

2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். ஆண், பெண் என்ற பிறப்புப் பாலினம் மட்டுமே அரசுக்குத் தெரியும் என்பது அதன் சாரம். பதினோரு நாளில் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் இணையதளத்திலிருந்து எச்ஐவி தொடர்பான பக்கங்கள் மாயமாயின. பிப்ரவரியில் நீதிமன்றம் தலையிட்டு அவற்றைத் திரும்ப வைக்கச் சொன்னது. ஏப்ரலில் சிடிசியின் எச்ஐவி தடுப்புப் பிரிவிலேயே பலருக்கு வேலை போயிற்று. இதையெல்லாம் செய்தவர்களுக்கு எழுத வேண்டியதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு எழுதக் காரணம், உங்கள் கிளினிக்குகள் சிலவற்றில் புதிய நோயாளி நிரப்பும் படிவத்திலிருந்து இரண்டு கேள்விகள் சத்தமில்லாமல் காணாமல் போனதுதான்: பிறந்தபோது பதிவான பாலினம் எது, இப்போது உங்கள் பாலினம் எது. கேட்டால் ‘எதற்கு வீண் வம்பு’ என்கிறீர்கள். அந்த உத்தரவு கூட்டாட்சித் துறைகளையும் அவை தரும் பணத்தையும் பற்றியது. தனியார் கிளினிக்கின் படிவத்தை அது தொடவில்லை. யாரும் கேட்காமலே நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டீர்கள்.

இரண்டு பெட்டிகள்தானே என்று நினைப்பவர்கள் ஐபிரெக்ஸ் ஆய்வின் கதையைத் திரும்பப் பார்க்க வேண்டும். எச்ஐவி வராமல் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை போதுமா என்று 2,499 பேரிடம் சோதித்து, தொற்று 44 விழுக்காடு குறைகிறது என்று 2010இல் வெளியானதே, அந்த ஆய்வுதான். பிரெப் என்று நாம் எழுதிக்கொடுக்கும் மருந்துக்கு 2012இல் அனுமதி கிடைத்ததும் அதன் பலத்தில்தான். அதில் எல்லோரையும் ‘ஆணோடு உறவுகொள்ளும் ஆண்’ என்ற ஒரே பெட்டியில் போட்டிருந்தார்கள். பிறகு திருநங்கைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது 339 பேர் தேறினார்கள். அவர்களில் மருந்து வாங்கிய அணியில் 11 பேருக்குத் தொற்று, வெற்று மாத்திரை வாங்கிய அணியில் 10 பேருக்குத் தொற்று. அதாவது பலன் பூஜ்யம். ஆனால் அந்த 11 பேரில் யாருடைய இரத்தத்திலும், தொற்று கண்டறியப்பட்ட நேரத்தில், மருந்து இல்லை. மருந்து தோற்கவில்லை, அது அவர்கள் உடம்புக்குள் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்று கேட்க வேண்டிய கேள்வி, ஆள் யாரென்று எழுதாததால் ஐந்து ஆண்டு தாமதமாயிற்று. உங்கள் படிவத்தில் நீங்கள் இப்போது செய்திருப்பதும் இதே வேலைதான்.

யாருக்கு இது உயிர்ப் பிரச்சினை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சிடிசி 2019–20இல் அட்லாண்டா, நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க், பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் ஆகிய ஏழு நகரங்களில் 1,608 திருநங்கைகளைச் சந்தித்துச் சோதித்தது. மொத்தத்தில் 42 விழுக்காட்டினருக்கு எச்ஐவி இருந்தது. வெள்ளையரில் 17, லத்தீன் அமெரிக்க வழியினரில் 35, கறுப்பினத் திருநங்கைகளில் 62. ஒருவர் தமக்குத் தெரிந்தவரை அழைத்துவரும் சங்கிலி முறையில் எடுத்த மாதிரி இது, பெருநகரங்கள் மட்டும், ஆகவே நாடு முழுக்க 62 என்று சொல்லக் கூடாது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் வந்த தொகுப்புக் கணக்கில் கறுப்பினத் திருநங்கைகளுக்கு 44 விழுக்காடு, வெள்ளையினத் திருநங்கைகளுக்கு 7க்குச் சற்றுக் குறைவு. எந்தக் கணக்கை எடுத்தாலும் இடைவெளி மட்டும் மாறவில்லை. திருநங்கையாக இருப்பது மட்டும்தான் காரணமென்றால் வெள்ளையருக்கும் அதே எண் வந்திருக்க வேண்டும்.

அந்த இடைவெளி படுக்கையறையில் உண்டாவதல்ல. வரவேற்பு மேசையில் தொடங்குகிறது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை இன்னும் பலருக்கு விரிக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாட்டை டென்னசி, ஜார்ஜியா, டெக்சாஸ், புளோரிடா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா ஆகியவை இன்றும் ஏற்கவில்லை. குழந்தை இல்லாத, குறைந்த கூலிக்கு வேலை பார்க்கும் ஒருவருக்கு அங்கே இன்சூரன்ஸ் எட்டாக்கனி. கறுப்பினத் திருநங்கைக்கு வேலையும் வாடகை வீடும் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்னும்போது முதலாளி வழி இன்சூரன்சுக்கும் வழியில்லை. மேற்சொன்ன ஏழு நகர ஆய்வில் பத்தில் நான்கு பேர் முந்தைய 12 மாதத்தில் வீடின்றி இருந்தவர்கள். இப்படிப்பட்டவர் கையில் காசை எண்ணிக்கொண்டு உங்கள் கிளினிக்குக்கு வருகிறார். வந்ததும் காத்திருப்போர் கூடத்தில் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள ஆண் பெயரை உரக்கக் கூப்பிடுகிறார்கள். நாற்பது தலைகள் திரும்புகின்றன. அவர் எழுந்து மருத்துவர் அறைக்குப் போவதில்லை, வாசலுக்குப் போகிறார். ‘நோயாளி வரவில்லை’ என்று உங்கள் கணினி பதிவு செய்கிறது.

இதைச் சரிசெய்யக் கருத்தரங்கு எதுவும் வேண்டாம். குடும்பப் பெயரையோ டோக்கன் எண்ணையோ சொல்லிக் கூப்பிட்டால் போதும். மருத்துவப் பதிவு மென்பொருள் பெரும்பாலானவற்றில் ‘அழைக்கும் பெயர்’ என்று தனிக் கட்டம் இருக்கிறது; அதை நிரப்பினால் மட்டும் போதாது, லேப் லேபிளிலும் மருந்துச் சீட்டு உறையிலும் அது அச்சாகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். திரையில் ஒரு பெயர், இரத்தக் குழாய் லேபிளில் வேறு பெயர் என்று வந்தால் லேப் மாதிரியைத் திருப்பி அனுப்பும். சட்டப் பெயர், பிறந்த தேதி இரண்டும் லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கட்டும். அழைக்கும் பெயர் பெரிதாக இருக்கட்டும்.

அடுத்து, சிறுநீரகக் கணக்கு. உங்களில் சிறுநீரக மருத்துவர்கள் நிறைய பேர் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறோம். மாத்திரை வடிவ பிரெப்பில் முதன்மையானது டெனோஃபோவிர் டைசோப்ராக்ஸில் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிட்டபின் 200 மில்லிகிராம் சேர்ந்தது. சிறுநீரக வடிகட்டும் திறன் 60க்குக் கீழே இருந்தால் தடுப்புக்காக அதைத் தொடங்குவதில்லை. அந்த 60ஐ லேப் கணினி எப்படிக் கணக்கிடுகிறது? இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு, வயது, ஆணா பெண்ணா. முன்பு நான்காவதாக ஒன்றும் இருந்தது: கறுப்பினத்தவரா? பழைய எம்டிஆர்டி சூத்திரத்தில் கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.212ஆல் பெருக்கினார்கள், பெண் என்றால் 0.742ஆல். இனத்தை வைத்துப் பெருக்குவதற்கு உயிரியல் அடிப்படை இல்லையென்று 2021இல்தான் அது கைவிடப்பட்டது. பாலினம் இன்னும் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறோம். வயது 30, கிரியேட்டினின் 1.3. 2021 சூத்திரத்தில் ‘ஆண்’ என்று போட்டால் 76 வரும். அதே இரத்தத்துக்கு ‘பெண்’ என்று போட்டால் 57. பதிவில் ஆண், பெண் எது எழுதியிருக்கிறது என்பதை வைத்து ஒருவருக்கு மாத்திரை கிடைக்கிறது, இன்னொருவருக்கு ‘உங்கள் கிட்னி சரியில்லை’ என்ற பயம் கிடைக்கிறது. பெண் ஹார்மோனான எஸ்ட்ராடயால் எடுத்துக்கொள்பவரின் தசை அளவும் கிரியேட்டினினும் சில மாதங்களில் பெண்களின் அளவை நோக்கி நகரும் என்பதால் இரண்டு எண்ணுமே முழு உண்மையல்ல. செய்ய வேண்டியது: இரண்டு விதமாகவும் கணக்கிடுங்கள். இரண்டும் 60க்கு மேலே என்றால் மாத்திரையைக் கொடுங்கள். 60 நடுவில் மாட்டிக்கொண்டால் சிறுநீரகத் திறனைக் காட்டும் இன்னோர் இரத்தச் சோதனையான சிஸ்டாட்டின் சி சோதனைக்கு அனுப்புங்கள். அது வரும்வரை ஆளை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். டெனோஃபோவிர் அலாஃபெனமைடு உள்ள மாத்திரை 30 வரை தாங்கும், பிரெப் ஊசிகளுக்கு இந்தக் கவலையே கிட்டத்தட்ட இல்லை. ஏற்கெனவே எச்ஐவி உள்ளவருக்கு டோலுடெக்ராவிர், பிக்டெக்ராவிர் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறும். அது சிறுநீரகக் கேடல்ல, மருந்தை நிறுத்த வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் உதவி மருத்துவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். படிவத்தில் அந்த இரண்டு கேள்விகள் இல்லையென்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கையும் போட முடியாது.

ஸ்பைரோனோலேக்டோன் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண் ஹார்மோனை அடக்க அமெரிக்காவில் பரவலாகக் கொடுப்பது இது, பொட்டாசியத்தை ஏற்றும். சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே போனவருக்கு நிமோனியா தடுக்கக் கொடுக்கும் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாமெத்தாக்சசோலும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக எழுதி, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போவதுதான் ஆபத்து. ஹார்மோன் எடுப்பதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தவர் அதைச் சொல்ல மாட்டார்.

சொல்லாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எச்ஐவி மருந்து ஹார்மோனைக் கெடுத்துவிடும் என்ற அச்சம். ‘இரண்டில் ஒன்றை விடு’ என்றால் அவர்கள் எதை விடுவார்கள்? எச்ஐவியோடு வாழும் 157 திருநர்களிடம் 2015இல் ‘பாசிட்டிவ்லி டிரான்ஸ்’ குழு நடத்திய கணக்கெடுப்பில் அவமதிக்காத, பாலினத்தை ஏற்கும் மருத்துவம் முதல் இடத்திலும் ஹார்மோன் இரண்டாம் இடத்திலும் வந்தன. எச்ஐவி மருந்து அதற்கெல்லாம் பின்னால்தான். இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வதில் பயனில்லை. இரண்டையும் ஒரே மேசையில், ஒரே நாளில் கொடுத்தால் தீர்ந்தது. பிரெப் மாத்திரை எஸ்ட்ராடயாலின் அளவைக் குறைப்பதில்லை. எஸ்ட்ராடயால் டெனோஃபோவிர் அளவைச் சற்றுக் குறைக்கலாம். தினமும் விழுங்கினால் பாதுகாப்பு குறையாது. ஆனால் உறவுக்கு முன் இரண்டு, பின் ஒன்று, மறுநாள் ஒன்று என்ற இடைவெட்டு முறையை எஸ்ட்ராடயால் எடுப்பவருக்குச் சொல்லக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் அவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. சிகிச்சை மருந்துகளில் எஃபாவிரென்ஸ் ஹார்மோனைக் குறைக்கும். டோலுடெக்ராவிரும் பிக்டெக்ராவிரும் குறைக்காது. இந்த நாலு வரியை நீங்கள் வாய்விட்டுச் சொன்னாலே பாதிப் பேர் மாத்திரையைத் தொடர்வார்கள்.

பிரெப் ஊசிக்கு வருவோம். கேபோடெக்ராவிர் 600 மில்லிகிராம், 3 மில்லிலிட்டர், பிட்டத் தசையில். முதல் இரண்டும் ஒரு மாத இடைவெளியில், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. காசில்லாமல், மருத்துவர் கிடைக்காமல், வீடுகளில் ரகசியமாகச் சிலிக்கான் ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பிட்டத்தில் இந்த ஊசி போட முடியாது. மருந்து தசைக்குப் போகாமல் சிலிக்கானில் நிற்கும். இந்த ஊசியின் பெரிய ஆய்வில் பிட்டத்தில் சிலிக்கான் வைத்தவர்களைச் சேர்க்கவே இல்லை. ஆகவே போடுவதற்கு முன் கேளுங்கள், கேட்கும் தொனியில் விசாரணை வேண்டாம். அவர்களுக்கு இன்னொரு பிரெப் ஊசியான லெனகாபவிர் பொருந்தும். வயிற்றுத் தோலுக்கு அடியில் 1.5 மில்லிலிட்டர் வீதம் இரண்டு ஊசி, முதல் நாளும் இரண்டாம் நாளும் இரண்டிரண்டு 300 மில்லிகிராம் மாத்திரை, அப்புறம் 26 வாரத்துக்கு ஒருமுறை. இரண்டாம் நாள் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறீர்கள், வீடில்லாதவர் அதைத் தொலைத்துவிடுகிறார் என்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு. மறுநாள் காலை ஒரு போன் போட்டுக் கேளுங்கள். 2025 ஜூன் 18 அன்று இந்த மருந்துக்கு அனுமதி வந்தது. அதே நாளில்தான் திருநர் சிறாருக்கான சிகிச்சையை டென்னசி தடைசெய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதி வந்தபோது மருந்தின் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். ஜெனரிக் மாத்திரை இருக்கவே இருக்கிறது என்பதால் ஊசிக்கு இன்சூரன்ஸ் அனுமதி வரும்வரை யாரையும் காத்திருக்க வைக்காதீர்கள்.

காத்திருக்க வைப்பதுதான் இதில் ஆகக் கெட்ட பழக்கம். முதல் நாளே விரல் நுனியில் இரத்தம் எடுத்து எச்ஐவி சோதனை. நான்காம் தலைமுறை ஆன்டிஜன்-ஆன்டிபாடி சோதனைக்கு இரத்தம். கிரியேட்டினின், ஹெபடைட்டிஸ் பி, சிஃபிலிஸ். கொனோரியா, கிளமிடியாவுக்குச் சிறுநீர் மட்டும் போதாது, தொண்டையிலும் மலக்குடலிலும் பஞ்சுக்குச்சி வைத்து எடுக்க வேண்டும். சிறுநீரை மட்டும் பார்த்தால் பல தொற்றுகள் நழுவிவிடும். காய்ச்சல், நெறிக்கட்டு இல்லை, விரல் நுனிச் சோதனை நெகட்டிவ் என்றால் 30 மாத்திரையை அன்றைக்கே கையில் கொடுங்கள். மற்ற முடிவுகள் வந்து ஏதாவது இடித்தால் நிறுத்திக்கொள்ளலாம். கடந்த 72 மணி நேரத்துக்குள் ஆபத்தான உறவு நடந்திருந்தால் இந்த வழி வேண்டாம். 28 நாள் அவசரத் தடுப்புச் சிகிச்சை, அது முடிந்த கையோடு பிரெப்.

பில் விஷயம். பிரெப் ‘ஏ’ தரத் தடுப்பு மருத்துவம் என்று 2019இலேயே முடிவானது. அதனால் பெரும்பாலான தனியார் இன்சூரன்ஸ்கள் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. 2025 ஜூன் 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் அந்த நிலை நீடிக்கிறது. ஆனாலும் சோதனைக்கும் ஆலோசனைக்கும் பில் வீட்டுக்குப் போகிறது, ஏனென்றால் பில்லில் குறியீடு போடும் உங்கள் கோடிங் ஆள் பழைய எண்ணைப் போடுகிறார். 2023 அக்டோபரிலிருந்து பிரெப்புக்கென்றே இசட்29.81 என்ற குறியீடு இருக்கிறது; அதோடு 33 என்ற துணைக்குறியைச் சேர்க்க வேண்டும். ‘ஆண்’ என்று பதிவானவருக்கு எஸ்ட்ராடயாலோ, ‘பெண்’ என்று மாற்றிக்கொண்டவருக்குப் புராஸ்டேட் சோதனையோ இன்சூரன்ஸ் கணினி தானாகத் தள்ளுபடி செய்யும்; முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் அதைத் தாண்ட மருத்துவமனை பில்லுக்கு 45 என்ற நிலைக்குறியும் மருத்துவர் பில்லுக்கு கேஎக்ஸ் துணைக்குறியும் இருக்கின்றன. தள்ளுபடியான ஒரு பில், வசூல் ஏஜென்சியிடமிருந்து ஒரு கடிதம், அவ்வளவுதான், அந்த நோயாளியை நீங்கள் மறுபடி பார்க்கப் போவதில்லை.

டென்னசியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பாலியல் தொழில் செய்பவருக்கு எச்ஐவி இருப்பது தெரிந்திருந்தால், 1991 முதல் அந்த மாநிலத்தில் அது சிறு குற்றத்திலிருந்து பெருங்குற்றமாகிவிடும். 2010க்குப் பிறகு அவர்களை வன்முறைப் பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஆணுறை போட்டார்களா, மருந்தால் வைரஸ் அளவு 200க்குக் கீழே இருந்ததா, யாருக்காவது தொற்றியதா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. இந்தச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு முரணானது என்று 2023 டிசம்பரில் கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகமே சொன்னது. பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க 2024இல்தான் வழி பிறந்தது. அதே மாநில அரசு 2023 தொடக்கத்தில் சிடிசியின் எச்ஐவி தடுப்புப் பணம் 80 லட்சம் டாலருக்கு மேல் வேண்டாமென்று திருப்பியது. சோதனை செய்துகொண்டால்தானே ‘தெரிந்திருந்தது’ என்று ஆகும், செய்யாமலே இருந்துவிடலாம் என்று ஒருவர் நினைப்பதில் என்ன வியப்பு? ஆகவே நோயாளிக் குறிப்பில் எழுதுவதை யோசித்து எழுதுங்கள். எந்தச் சோதனை, எந்த மருந்து என்று முடிவெடுக்க ‘பல துணைகள், ஆணுறை எப்போதாவது’ என்பது போதும். பணம் வாங்கினாரா என்பது சிகிச்சையை மாற்றாது. ஆனால் அந்தக் குறிப்பு நீதிமன்றத்துக்குப் போகக்கூடும்.

‘அவர்கள் ஏன் எங்களை நம்புவதில்லை’ என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். 1995இல் வாஷிங்டனில் டைரா ஹன்டர் என்ற 24 வயதுக் கறுப்பினத் திருநங்கை கார் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது, ஆடையை வெட்டிய அவசர உதவி ஊழியர் அவர் திருநங்கை என்று கண்டதும் சிகிச்சையை நிறுத்திவிட்டுக் கேலி பேசினார். அவர் இறந்தார். 1998இல் ஜூரி அவருடைய தாய்க்கு 28 லட்சம் டாலருக்கு மேல் தரச் சொன்னது. கறுப்பினத் திருநங்கைகளிடையே இது தலைமுறை தாண்டியும் பேசப்படுகிறது.

கறுப்பினத் திருநம்பிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நாங்களும் சுருக்கமாகவே சொல்கிறோம். அவர்களில் ஆண்களோடு உறவுகொள்பவர்கள் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் பிறப்புறுப்புத் தோலை மெலிதாக்கும். டெனோஃபோவிர் அலாஃபெனமைடு மாத்திரைக்கு 2019இல் கிடைத்த அனுமதி யோனி வழி உறவுக்குப் பொருந்தாது. ‘ஆண்’ என்று பார்த்து அதை எழுதிக்கொடுத்தால் தவறு நடக்கும். இங்கேயும் அந்த இரண்டு கேள்விகள்தான்.

நீங்கள் படித்த ஊரில் இந்த நோயை இந்தியாவிலேயே முதலில் கண்டுபிடித்தவர்கள் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். 1986இல், இங்கே அது இருக்கவே இருக்காது என்று மேலிடம் சாதித்துக்கொண்டிருந்தபோது, சென்னையில் இரத்தம் எடுத்து வேலூரில் சோதித்தார்கள். யாரைச் சோதிக்க வேண்டும் என்று கேட்கும் துணிவு இருந்ததால் கண்டுபிடித்தார்கள். உங்களுக்கு அவ்வளவு துணிவுகூடத் தேவையில்லை, படிவம் உங்களுடையது.

நாங்கள் கேட்பவை இவை. அந்த இரண்டு கேள்விகளையும், ‘பதில் சொல்ல விருப்பமில்லை’ என்ற மூன்றாவது கட்டத்தோடு, ஒரு மாதத்துக்குள் படிவத்தில் திரும்ப வையுங்கள். பதிலை யார் பார்க்கலாம் என்பதை மருத்துவர், செவிலியர், மருந்தாளுநரோடு நிறுத்துங்கள். வரவேற்பு மேசையில் பெயர் கூப்பிடும் முறையை இந்த வாரமே மாற்றுங்கள். சிடிசி 2006இலிருந்து சொல்லிவருவதுபோல் 13 முதல் 64 வயது வரை எல்லா நோயாளிகளுக்கும் ஒருமுறையாவது எச்ஐவி சோதனையை வழக்கமாக்குங்கள். எல்லோருக்கும் செய்தால் யாரும் குறிவைக்கப்பட்டதாக உணர மாட்டார். உங்கள் லேப் நிறுவனத்திடம் சிறுநீரகக் கணக்கை இரண்டு பாலினத்துக்கும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். கோடிங் ஊழியரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து மேற்சொன்ன குறியீடுகளைச் சரிபாருங்கள். பிரெப், எச்ஐவி சிகிச்சை, ஹார்மோன் மூன்றையும் வயது வந்தவருக்கு எழுதத் தயாராக உள்ள மருத்துவர் ஒருவராவது உங்கள் குழுவில் இருக்கட்டும்; யாரும் முன்வராவிட்டால் எங்களில் ஒருவர் வந்து பயிற்சி கொடுக்கிறோம், கட்டணம் வேண்டாம். உங்கள் சங்கத்தின் அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் பட்டிமன்றத்துக்கும் விருந்துக்கும் நடுவில் இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அமர்வில் பேசக் கறுப்பினத் திருநங்கைகளையே அழையுங்கள், வேறு பேச்சாளர்களுக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தை அவர்களுக்கும் கொடுங்கள். எதைச் செய்தீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள்; வரும் பதில்களை இந்த மடலின் கீழேயே வெளியிடுவோம்.

இப்படிக்கு,
தென்மாநிலங்களில் எச்ஐவி பணியில் உள்ள தமிழ்ச் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், லேப் ஊழியர்கள்